கேட்டு வாங்கிய இரண்டாவது கப்

எல்டர் டோல்மன் காலையில் சட்டை போட்டு, டை கட்டி, ஷூ லேசை இரட்டை முடிச்சாக இறுக்கிய பிறகுதான் அதைக் கையில் எடுப்பான். விரல் நீளத்தில் ஒரு கறுப்புப் பெயர் வில்லை. வாயருகே கொண்டுபோய் ஒரு தடவை ஊதுவான். மேலே ஆவி படியும். டையின் குட்டையான பின்வாலால் இடமிருந்து வலமாக மூன்று முறை துடைப்பான். வலமிருந்து இடமாகத் துடைத்து நான் பார்த்ததில்லை. பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று தேடுவான். பிலிப்பைன்ஸின் சமார் தீவு மழையில் எங்கள் ஷூக்கள் பூஞ்சை பிடித்தன, பெல்ட்டுகள் பச்சையாயின, வேதாகமத்தின் தாள்கள் அப்பளமாக வளைந்தன. அந்த வில்லை மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்தது போலவே இருந்தது.

வில்லையில் சபையின் பெயரும் அவனுடைய குடும்பப் பெயரும் இருக்கும். வீடு வீடாகப் போய்ச் சபைக்கு ஆள் சேர்க்கும் இந்த இரண்டு வருட ஊழியத்தில் எங்களுக்கு முதற்பெயர் கிடையாது. மீசை சரியாக முளைக்காத பத்தொன்பது வயதுக்காரர்கள் எல்லோரும் எல்டர்தான், பெரியவர்தான். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, ஏன் இவ்வளவு துடைக்கிறாய் என்று கேட்டேன்.

"எங்கப்பா ஏர்போர்ட்ல இத என் சட்டையில குத்திவிட்டாரு. 'இது என் பேரு, ரெண்டு வருஷத்துக்கு உனக்கு இரவல் தர்றேன், அழுக்காக்காமத் திருப்பிக் குடு'ன்னாரு."

"சிரிச்சுக்கிட்டா சொன்னாரு?"

"எங்கப்பா சிரிச்சு நீ பாத்திருக்கியா?" என்றான். அவன் சுவரில் ஒட்டியிருந்த குடும்பப் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஐடஹோவில் ஒரு பால்பண்ணை. பனி. மூன்று அண்ணன்மார். மூவரும் ஊழியத்தை முடித்துத் திரும்பியவர்கள். நடுவில் தொப்பி போட்ட அப்பா. சிரிக்கவில்லை.

அவர்கள் ஊர்ச் சபையின் நடைவழியில், ஊழியம் போன பையன்களின் படங்களைப் பலகையில் ஒட்டிச் சுவரில் வரிசையாகத் திருகி வைத்திருப்பார்களாம். அடுத்த பண்ணைக்காரரின் மகன் பதினோராம் மாதத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் பலகை இல்லை. "அந்த எடம் மட்டும் வெளுப்பா, சதுரமா இருக்கும். சின்னப் பசங்க நாங்க அதத் தொட்டுட்டு ஓடுவோம். இப்ப அவன் வேற ஊர்ல உருளக்கிழங்கு கெடங்குல இருக்கானாம். அவன் பேர யாரும் சொல்லமாட்டாங்க." டோல்மன் தட்டைத் துடைத்து வைத்தான். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் கும்பான். என் பலக செவுத்துல இருக்கணும். அவ்ளோதான்."

கும்பான் நான்தான். அதே நாட்டில் வேறொரு தீவிலுள்ள இலோய்லோக்காரன். எனக்கும் அந்த ஊர் வெளியூர்தான். எங்கள் இருவரையும் ஜோடி போட்டபோது அவனுக்கு இன்னும் ஐந்து மாதத்துக்குச் சற்று மேல் பாக்கி. ஊழியம் முடித்து வீடு திரும்புவதை நாங்கள் 'சாவு' என்போம். கடைசி ஜோடியாக இருப்பவன் 'கொலைகாரன்'. நானே அவன் கொலைகாரனாகலாம் என்று முதல் நாளே மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஜோடி என்றால் ஒருவன் பார்வைக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில்தான் மற்றவன் இருக்க வேண்டும். கழிப்பறை மட்டும் விலக்கு. ஆறரைக்கு எழுவோம். படிப்போம். பண்டேசால் ரொட்டியும் முட்டையும் தின்போம். பிறகு சேற்றில் வீடு வீடாக. குழந்தைகள் ஓடிவந்து அவனைப் பார்த்து "ஹே ஜோ!" என்று கத்தும்; வெள்ளைக்காரன் எவனும் அங்கே ஜோதான். என்னை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கதவைத் திறக்கிறவர்கள் அவனுக்கு நாற்காலி போடுவார்கள். பிறகுதான் எனக்கு ஒரு முக்காலி தேடுவார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கப் பழகினேன். பேசுகிறவனைவிடப் பார்க்கிறவனுக்கு நிறையத் தெரியும் என்று அப்போது நினைத்தேன்.

கொப்பரை உலர்த்தும் ஃபெர்மின்தான், ஊருக்கே தாதாய், அதாவது அப்பா, டோல்மன் அந்த ஊரில் சபைக்குப் பிடித்த முதல் மனிதர். பாடங்கள் எல்லாம் முடித்து, ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்து, அதற்கு நான்கு நாள் முன்னால் தென்னை மரத்தடியிலேயே செத்துப்போனார். அந்த ஊர் வழக்கப்படி சாவு வீட்டில் சீட்டாட்டம், பிஸ்கட், பிங்கோ. அவர் மனைவி இஸ்யாங், எங்களுக்கு நானாய், அதாவது அம்மா, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் சபையில் காப்பி கூடாது. அவளுக்கு அது தெரியும், அன்று மறந்துவிட்டாள். இரண்டு கையாலும் கப்பை அவன் முன் நீட்டினாள்.

"குடி மகனே. அவரு உனக்காகத்தான் தண்ணியில முங்கக் காத்துக்கிட்டிருந்தாரு."

அவன் குடித்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலி கப்பைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு அதை அவள் முன் நீட்டி, மிக மெல்ல, "இன்னும் கொஞ்சம் இருக்கா நானாய்?" என்றான்.

அதற்கடுத்த ஞாயிறு அப்பத்தைப் பிட்டு ஆசீர்வதிக்க அவன் முறை. தொண்டை கட்டிவிட்டது என்று என்னைச் செய்யச் சொன்னான். தட்டு அவனிடம் வந்தபோது எடுக்காமல் அடுத்தவருக்குத் தள்ளினான்; மனதில் பாவம் இருப்பவன் அந்த அப்பத்தைத் தொடக்கூடாது. அடுத்த ஞாயிறும் அப்படியே. ஐந்து ஞாயிறு.

இதை நான் யாரிடமும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் எங்கள் மண்டலத் தலைவன் எல்டர் கிம்பர் என் தோளில் கை போட்டான். அரிசோனாக்காரன், குரல் வித்தைக்காரன். நாங்கள் பிரசிடென்ட் என்று கூப்பிடும் மிஷன் தலைவரின் இருமலை அவரைவிட நன்றாக இருமுவான். "என்ன கும்பான், நீ பேசவே மாட்டியா? உன் ஜோ எப்படியிருக்கான்?"

"அஞ்சு வாரமா அப்பமே தொடல."

"ஏன்? யாரையாச்சும் கொன்னுட்டானா?"

"காப்பி," என்றேன். "ரெண்டு கப்."

சுற்றி நின்ற நான்கு அமெரிக்கர்களும் வெடித்துச் சிரித்தார்கள். ஒருவன் முதுகில் தட்டினான். நான் சொன்ன ஒன்றுக்கு அவர்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது.

ஆறு வாரத்துக்கொரு சனிக்கிழமை காலையில் மாற்றல் தொலைபேசி வரும். யார் எந்த ஊருக்கு, யாரோடு என்று தலைவரே கூப்பிட்டுச் சொல்வார். அந்தக் காலையில் தலைவர் குரலில் பேசிப் பயமுறுத்துவது எங்களிடையே பழைய விளையாட்டு. என்னையே ஒருமுறை, பெண் ஊழியர்களான சிஸ்டர்களுக்குச் சமையல்காரனாகப் போட்டிருப்பதாகச் சொல்லி அழவைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கிம்பர் சொன்னான்: "நாளைக்கு ஏழு மணிக்கு போன அவன் கையில குடு. பத்து நிமிஷம். அப்புறம் நானே கூப்பிட்டு உடச்சிடுறேன்."

ஏழுக்கு மணி அடித்தது. மழையில் நனைந்து எங்கள் போனின் காதுப்பக்கம் செத்துப்போயிருந்தது. எல்லாவற்றையும் ஸ்பீக்கரில்தான் பேசுவோம். நான் எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

இருமல். "எல்டர் டோல்மன். நல்லது, நல்லது. மாற்றலப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி... என்கிட்ட சொல்லவேண்டியது ஏதாச்சும் உனக்கு இருக்கா?"

டோல்மன் எழுந்து நின்றான். தொலைபேசிக்கு முன்னால் நிமிர்ந்து நின்றான்.

"இருக்கு பிரசிடென்ட். நானே எழுதணும்னு இருந்தேன். காப்பி குடிச்சேன்."

"ஒரு கப்பா?"

"ரெண்டு. மொதல்ல அந்தம்மா குடுத்தாங்க. அத விடுங்க. ரெண்டாவது நானா கேட்டு வாங்கினேன். எனக்குப் புடிச்சிருந்துச்சு பிரசிடென்ட்."

மறுமுனையில் யாரோ மூக்கால் சிரிப்பை அடக்கிய சத்தம். டோல்மனுக்கு அது கேட்கவில்லை. அவன் கண் மூடியிருந்தது.

"வருத்தமா இருக்கு எல்டர். பெட்டியக் கட்டு. உங்க அப்பாவுக்கு நீயே போன் போட்டுச் சொல்லு. நான் சொல்றத விட நீ சொல்றதுதான் மரியாத." வைத்துவிட்டான்.

டோல்மன் வில்லையைக் கழற்றி மேசையில் வைத்தான். பிறகு எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "பேலன்ஸ் வாங்கணும்," என்றான். வீட்டோடு பேச எங்களுக்கு வருடத்துக்கு இரண்டு நாள்தான் அனுமதி. வீட்டு எண்ணை எப்படிப் போடவேண்டும் என்பதில்கூட அவனுக்குத் தடுமாற்றமாக இருந்தது. பெட்டிக்கடை வரை மழையில் நடந்தோம். நான் மூன்றடி பின்னால். பத்து நிமிடம் ஆகிவிட்டது, இதோ கூப்பிடுவார்கள், இதோ. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அது கிம்பருடைய வேடிக்கை, உடைக்கவேண்டியவன் அவன் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் போனில் பேலன்ஸ் தீர்ந்து, அவர்களும் ஒரு கடை திறக்கக் காத்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் சொன்னார்கள்.

ஐடஹோவில் அப்போது வெள்ளி சாயங்காலம், கறவை நேரம். அவன் அம்மா எடுத்தாள். "என்னடா, என்னாச்சு, யாருக்காச்சும் ஏதாச்சுமா?" என்றாள். அப்பாவைக் கூப்பிடு என்றான். கறவை இயந்திரங்களின் சத்தம் பெட்டிக்கடை முன்னால் கேட்டது.

"சொல்லு."

"அப்பா, என்னத் திருப்பி அனுப்புறாங்க."

ஓர் இயந்திரம் நின்றது.

"என்ன பண்ண?"

"காப்பி குடிச்சேன்பா."

"காப்பிக்கெல்லாம் யாரையும் அனுப்பமாட்டாங்க. நானும் ஊழியம் செஞ்சவன்தான். பொண்ணா?"

"இல்லப்பா. சத்தியமா காப்பிதான்."

"அப்பனுக்கே பொய். சரி, சொல்ல வேணாம். ஞாயித்துக்கிழம வந்து எறங்காத. ஆளுங்க இருக்குற நேரத்துல வராத. உங்கம்மாவுக்கு நான் ஏதாச்சும் சொல்லிக்கிறேன். சட்டையில குத்தியிருக்கியே, அது என் பேரு. ஏரோப்ளேன்ல ஏறுறதுக்கு முன்னாடி கழட்டிடு."

கடைக்காரிக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் அவள் மிட்டாய் ஜாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

திரும்பும் வழியில் தேவாலய முனையில் போன் அடித்தது. கிம்பர். பின்னால் மூன்று குரல்கள் சாவு ஊர்வலப் பாட்டு பாடின.

"டேய் டோல்மன்! பெட்டி கட்டிட்டியா? நான்தான்டா! ரெண்டு கப் காப்பி குடிச்ச மகா பாவி! கும்பானோட அங்கயேதான் கெடப்ப. மாற்றல் ஒண்ணும் கெடையாது. உங்கப்பாவுக்கு நெஜமாவே போட்டியா என்ன?"

"போடல," என்றான் டோல்மன். சிரித்தான். "நல்லா ஏமாத்திட்ட. அந்த இருமல் பிரமாதம்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, மழையில் நின்று வில்லையைக் குத்திக்கொண்டான். பிறகு கேட்டான்: "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

அவன் தலையாட்டினான்.

திங்கட்கிழமை நெட் சென்டரில் அப்பாவுக்கு எழுதினான். அது பையன்கள் செய்த கேலி, யாரும் என்னை அனுப்பவில்லை, நான் சொன்னது காப்பி மட்டும்தான், அதுவும் உண்மை. அடுத்த திங்கள் பதில் வந்தது: "பனி ரெண்டடி. ரெண்டு கெடாரி வாங்கினேன். வேலையப் பாரு." அதைப் பற்றி ஒன்றுமில்லை. அவன் மறுபடி, இன்னும் விவரமாக எழுதினான். "பைப் ஒறஞ்சு வெடிச்சுது. வேலையப் பாரு." அம்மாவின் கடிதத்தில் கோழி, அண்ணன் குழந்தை, முத்தம். அவளுக்கு எதுவும் தெரியாதது போலிருந்தது. கிம்பரிடம் உண்மையைச் சொல்லி, நீயே எங்கப்பாவுக்கு எழுது என்று கேட்டான். கிம்பர் முகம் வெளுத்து எழுதினான், மன்னிப்புக் கேட்டு, ஒரு பக்கம். பதில் கிம்பருக்கும் வரவில்லை.

"நம்பல," என்றான் டோல்மன். "நான் கெஞ்சிக் கூத்தாடி இங்க ஒட்டிக்கிட்டேன்னு நெனைக்கிறாரு. கிம்பரையும் சேத்துப் பொய் சொல்ல வெச்சேன்னு நெனைக்கிறாரு. பொண்ணு யாருன்னுதான் யோசிச்சுட்டிருப்பாரு."

அன்றிலிருந்து அவன் வில்லையைத் துடைப்பதில்லை. வேலை மட்டும் செய்தான். அப்படி வேலை செய்து நான் யாரையும் பார்த்ததில்லை. காய்ச்சலில் நடந்தான். 'சிக்னல் இரண்டு' என்று எச்சரிக்கை விட்ட புயலில் ஆற்றைக் கடந்தான். நான் ஒருநாள் கால் வெடித்து உட்கார்ந்தபோது, "ஒக்காரணும்னா வீட்டுக்குப் போய் ஒக்காரு," என்றான். முன்பெல்லாம் கதவைச் சாத்தினால் சிரித்துக்கொண்டே போவான். இப்போது சாத்திய கதவை இரண்டாம் முறை தட்டினான்.

நானாய் இஸ்யாங் புருஷன் விட்ட இடத்தில் தான் முங்குகிறேன் என்றாள். காப்பி மட்டும் ஒரு வேளை இருக்கட்டுமே என்றாள். காலையில் தனியாக உட்கார்ந்து குடிக்கும்போது எதிரில் ஃபெர்மின் இருப்பது போலிருக்கிறதாம். டோல்மன் எழுந்து அடுப்பு மேடைக்குப் போய் அவள் காப்பி டப்பாவை எடுத்தான். வாசலுக்கு வந்தான். சாக்கடையில் கவிழ்த்தான். தூள் நீரில் கறுப்பாகச் சுழன்று போனது. டப்பாவை உள்ளங்கையால் தட்டித் தட்டிக் கடைசித் தூள் வரை கொட்டினான்.

அவள் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தாள். "அன்னிக்கு நீயே கேட்டு வாங்கிக் குடிச்சியே மகனே."

"அதுக்குத்தான் கொட்டுறேன்."

காலி டப்பாவை அவள் மடியில் வைத்தான். அவள் அதன் மூடியைத் தேடி மூடினாள். அடுத்த சனிக்கிழமை ஞானஸ்நானம் பெற்றாள். தண்ணீரிலிருந்து எழுந்தபோது அவன் கையைப் பிடிக்கவில்லை. தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு மாதத்தில் பதினோரு பேர் முங்கினார்கள். மண்டல மாநாட்டில் தலைவர், உண்மையான தலைவர், அவனை எழுந்து நிற்கச் சொன்னார். "பாருங்க. கடைசி மாசங்கள்ல எல்லாருக்கும் வீட்டு ஞாபகம் வந்து சோம்பேறி ஆயிடுவீங்க. டோல்மனுக்குள்ள என்ன எரியுதோ, அது உங்க எல்லாருக்குள்ளயும் எரியணும்." எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவன் கிம்பர்.

அப்பாவின் வரிகள் பனியிலிருந்து சேற்றுக்கு, சேற்றிலிருந்து வைக்கோலுக்கு வந்தன. "மொத அறுப்பு முடிஞ்சுது. வேலையப் பாரு." ஒவ்வொரு திங்களும் டோல்மன் அப்பாவின் கடிதத்தைத்தான் முதலில் திறப்பான். கீழே ஏதாவது இருக்குமோ என்று கடைசி வெற்று வரி வரை உருட்டிப் பார்ப்பான்.

அவன் 'சாவு'க்கு, அதாவது ஊர் திரும்பலுக்கு, முந்தின நாள் வழக்கப்படி சடங்கு செய்தார்கள். சாப்பாட்டு மேசையில் அவனைப் படுக்கவைத்து, தலைமாட்டில் மெழுகுவர்த்தி வைத்து, கையில் ஒரு காலி காப்பிக் கப்பைக் கொடுத்தார்கள். கொலைகாரன் இரங்கல் உரை ஆற்ற வேண்டும்.

"பேசுடா கும்பான், கொன்னவன் நீதான!"

"நல்லவன்," என்றேன். அதற்கும் சிரித்தார்கள். டோல்மன் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் வேன் வந்தது. ஊரில் போய் இறங்கி, அங்குள்ள தலைவர் விடுவிக்கும் வரை வில்லையைக் கழற்றக்கூடாது என்பது விதி. அவன் வேன் படியில் கால் வைக்கும்முன் கழற்றி என் கையில் வைத்தான்.

"இப்பவேவா?" என்றேன்.

"ஏறுறதுக்கு முன்னாடி கழட்டச் சொன்னாரு."

என்னைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். கணினி, கடிதங்கள், தொலைபேசி. சேர்ந்த இரண்டாம் நாள் காலை ஓர் அமெரிக்க ஆண்குரல். கறவை இயந்திரச் சத்தம் இல்லாமலும் அடையாளம் தெரிந்தது.

"டோல்மன் பேசுறேன். என் பையன ஏத்திவிட்டீங்களா இல்லையா? இங்க ஏர்போர்ட்ல பதினாலு பேரு பலூன் வெச்சுக்கிட்டு நிக்கிறோம். ப்ளேன்லருந்து எல்லாரும் எறங்கிட்டாங்க."

போனை அப்படியே அலுவலகச் செயலர் சிஸ்டர் ஹால்வர்சனிடம் கொடுத்தேன். எழுபது வயது அம்மாள். அவர் இரண்டு மூன்று இடங்களுக்குக் கூப்பிட்டு விசாரித்தார். லாஸ் ஏஞ்சலஸ் வரை வந்திருக்கிறான். கடைசி விமானத்துக்கான சீட்டைப் பயன்படுத்தவில்லை. பெட்டி மட்டும் போயிருக்கிறது.

அவன் எங்கே போனான் என்று அந்த வாரமும் தெரியவில்லை, எனக்கு இன்றுவரையும் தெரியாது.

போனை வைத்துவிட்டு அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பாவம் அந்த மனுஷன். இந்தக் குரல் எனக்குத் தெரியும். முன்னாடி ஒரு தடவ கூப்பிட்டிருக்காரு."

"எப்ப சிஸ்டர்?"

"பிப்ரவரி இருக்கும். ஒரு சனிக்கிழம காலையில. மழக்கோட்டுகூட நான் கழட்டல. 'என் பையனத் திருப்பி அனுப்புறீங்களா'ன்னாரு. லிஸ்ட்ல பாத்தேன், பக்கத்து ரூம்ல பிரசிடென்ட்டயும் கேட்டேன். 'இல்லவே இல்ல சார், மாற்றல் நாளு, பசங்க யாராச்சும் வெளையாடியிருப்பாங்க, உங்க பையன் தங்கமான பையன்'னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அழறாரோன்னு நெனச்சேன். அப்புறம் சொன்னாரு: 'நான் கேட்டேன்னு அவன்கிட்டச் சொல்லாதீங்க. இந்தப் பயம் அவனுக்கு இருக்கட்டும். நல்லா வேல செய்வான்.' நானும் பெருசா எடுத்துக்கல."

"எத்தன மணி இருக்கும் சிஸ்டர்?"

"எட்டுகூட ஆகல," என்றார்.

அந்த நேரம் நாங்கள் பெட்டிக்கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்பியிருக்கவில்லை.